தண்டேஷ்வரில் இறங்கினாரா, இல்லையா?

கட்டைவண்டி | காலை 6:12

நண்பர் தேவதாருநிழல் "குமாவுனில் பதினொரு நாள்: தனி வண்டியில் ஒரு நிதானப் பயணம்" என்ற தலைப்பில் மூன்று பகுதிகளாக எழுதியதை நேற்றிரவு ஒரே மூச்சில் படித்தேன். உத்தராகண்ட் மாநிலத்தின் காத்கோதாமில் ரயிலை விட்டிறங்கியது முதல் அல்மோரா, காசார்தேவி, பின்சர், ஜாகேஷ்வர், கௌசானி என வண்டி போன வழியையெல்லாம் அழகாகவே விவரித்திருக்கிறார். என் எரிச்சலுக்குக் காரணம், மூன்றாம் பகுதியின் நடுவே அவர் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போன இந்த வாக்கியம்: "இமயமலை அடிவாரத்தின் பண்பாட்டை உள்வாங்கத் தனி வண்டி இன்றியமையாதது, ஷேர் ஜீப்பில் போகிறவர்கள் சாலையைப் பார்த்துவிட்டு ஊரைப் பார்த்ததாக நினைத்துக்கொள்கிறார்கள்."

பதினாறு ஆண்டுகளாக அந்த மலைகளில் ஷேர் ஜீப்பிலும் பேருந்திலும் சுற்றிவருகிற நான், என்ன பார்த்தேன் என்பதை இவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவனாகிவிட்டேன். இருக்கட்டும். தனி வண்டியில் போன இவர் எதைப் பார்த்தார் என்று அவருடைய எழுத்திலிருந்தே பார்ப்போம். அல்மோராவிலிருந்து சிவத்தலமான ஜாகேஷ்வர் போன அன்று, சிதயி கோலு தேவதா கோயிலில் தொங்கும் ஆயிரக்கணக்கான மணிகளையும், நீதி கேட்டு முத்திரைத்தாளில் எழுதிக் கட்டப்பட்ட மனுக்களையும் வர்ணிக்கிறார். பாடேச்சீனாவில் தேநீர் குடிக்கிறார். பிறகு, "ஆர்த்தோலாவில் பிரதான சாலையை விட்டுத் திரும்பினோம், பத்தே நிமிடத்தில் ஜாகேஷ்வர் வாசலில் நின்றோம்" என்று எழுதுகிறார்.

அந்தப் பத்து நிமிடத்துக்குள் தண்டேஷ்வர் இருக்கிறது. ஜாகேஷ்வருக்குச் சற்று முன்பாக, சாலையோரத்திலேயே, தேவதாரு மரங்களுக்கிடையே நிற்கும் கோயில் தொகுதி அது. உள்ளே இருக்கும் லிங்கம் உளி படாத இயற்கைப் பாறை. பதினொரு நாள் நிதானமாகப் பயணம் செய்தவருடைய மூன்று பகுதிகளிலும் அதன் பெயர்கூட இல்லை. எனவே ஒரே ஒரு கேள்வி: தண்டேஷ்வரில் இறங்கினீர்களா, இல்லையா?

தேவதாருநிழல் | காலை 8:40

கட்டைவண்டி ஐயா அவர்களுக்கு வணக்கம். என் வாக்கியத்தை மேற்கோள் காட்டும்போது அதற்கு முன்னால் இருந்த "என்னைப் போன்றவர்களுக்கு" என்ற சொல்லை நீக்கிவிட்டது தற்செயல் என்றே நம்புகிறேன்.

ஜீப்பில் போகிறவர்களை நான் இழிவாகப் பேசவில்லை. ஜீப்பின் இயல்பைச் சொன்னேன். பத்துப் பேர் நிறைந்தால்தான் அது கிளம்பும். கிளம்பிவிட்டால் எவனாவது கத்தினால்தான் நிற்கும். நான் போன நாளில் பனுவாநௌலாவுக்கு அருகே ஒரு பழைய நௌலாவைக் கண்டேன். மலை ஊற்று நீரைச் சுற்றிக் கல்லால் சிறு அறை போலக் கட்டி, படிகள் இறக்கி, மேலே கூரையிட்டுப் பாதுகாக்கும் குமாவுன் மரபு அது. பல ஊர்களில் வற்றிக்கொண்டிருக்கிறது. அங்கே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். செம்புக் குடத்தோடு வந்த ஒரு பாட்டி எங்கள் கைகளில் நீர் ஊற்றினார். ஜீப் எனக்காக இரண்டு மணி நேரம் காத்திருக்குமா?

அல்மோராவில் தம்டா சமூகத்தார் செம்பைத் தட்டி உருவாக்கும் பட்டறையில் ஒரு முழு மாலையைக் கழித்தேன். 1930களின் இறுதியில் நடனக் கலைஞர் உதய் சங்கர் அல்மோராவில் தொடங்கிய கலை மையத்தின் சுவடு தேடிச் சிம்தோலாவுக்குப் போனேன். பாலசரஸ்வதியின் ஆசான் கந்தப்ப பிள்ளை சென்னையை விட்டுக் கிளம்பிப் பரதம் கற்பிக்கப் போன இடம் அது என்பது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? இவற்றையெல்லாம் தாண்டி உங்கள் கண்ணில் பட்டது தண்டேஷ்வர் விடுபட்டது மட்டும்தான்.

தண்டேஷ்வரைப் பார்த்தேன். எழுதாததெல்லாம் பார்க்காததாகிவிடாது.

ஓரமாய்ப்போகிறவன் | காலை 8:52

"பார்த்தேன்" என்கிறார். கேட்டது "இறங்கினீர்களா" என்பது. இந்த வேறுபாட்டைக் கவனித்தவர்கள் கவனித்திருப்பார்கள்.

கட்டைவண்டி | காலை 9:30

ஓரமாய்ப்போகிறவர் ஓரமாகப் போனாலும் நேராகப் பார்த்திருக்கிறார். நன்றி.

நௌலாவில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தது மகிழ்ச்சி. ஜீப் உங்களுக்காகக் காத்திருக்காது என்பதும் சரி. அது ஏன் காத்திருக்க வேண்டும்? அதில் மருத்துவமனைக்குப் போகும் கர்ப்பிணி இருப்பாள், அல்மோராக் கல்லூரிக்குப் போகும் பையன் இருப்பான், சந்தைக்கு உருளைக்கிழங்கு மூட்டையோடு போகிறவர் இருப்பார். நீங்கள் இறங்கி உட்கார்ந்துவிட்டு அடுத்த ஜீப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். அடுத்தது எப்போது வரும் என்று தெரியாமல் சாலையோரத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த நேரத்தை நிதானம் என்று நான் சொல்வேன். ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்க, நீங்கள் நௌலாவில் தியானம் செய்தது வேறு வகை.

ஒரு செய்தி சொல்கிறேன். 1890இல் விவேகானந்தர், சகதுறவி அகண்டானந்தரோடு நைனிதாலிலிருந்து அல்மோராவுக்கு நடந்தே போனார். வழியில் கோசி நதிக்கரையில் காக்ரிகாட்டில் ஓர் அரசமரத்தடியில் தியானத்தில் அமர்ந்தபோது, அணுவுக்குள்ளும் அண்டத்துக்குள்ளும் ஒரே ஒழுங்கு இருப்பதை உணர்ந்ததாக அவருடைய வரலாறு சொல்கிறது. அதைவிட எனக்கு முக்கியமானது அதற்குப் பிறகு நடந்தது. அல்மோராவை நெருங்கும்போது பசியால் மயங்கி விழுந்தார். எதிரே இடுகாட்டைக் காத்துவந்த ஒரு முஸ்லிம் பக்கீர் ஒரு வெள்ளரிக்காயைக் கொடுத்துக் காப்பாற்றினார். 1897இல் அல்மோரா ஊரே திரண்டு வரவேற்றபோது, அந்தக் கூட்டத்துக்குள் நின்ற பக்கீரை விவேகானந்தர் அடையாளம் கண்டுகொண்டார் என்பார்கள்.

கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு குளிர்சாதன வண்டியில் போகிறவருக்கு எந்தப் பக்கீர் ஐயா வெள்ளரிக்காய் கொடுப்பார்?

தண்டேஷ்வரில் இறங்கினீர்களா?

மூட்டுவலிக்காரி | காலை 10:15

இரண்டு ஐயாக்களுக்கும் என் வணக்கம். எனக்கு அறுபத்து மூன்று வயது. இரண்டு முழங்கால்களிலும் அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. ஜீப்பின் பின்னிருக்கையில் முழங்காலை மடக்கி நான்கு பேரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், அடுத்த மூன்று நாளைக்கு எனக்கு எந்தப் பண்பாடும் தெரியாது. வலி மட்டுமே தெரியும். சென்ற மார்ச்சில் என் மகள் ஏற்பாடு செய்த வண்டியில்தான் ராணிகேத்தையும் கௌசானியையும் பார்த்தேன். வழியெல்லாம் புராஞ்ச் பூத்து மலை சிவந்துகிடந்தது. நீலகிரியில் நாம் காட்டுப்பூவரசு என்று சொல்லும் அதே மரம்தான் என்று மகளுக்குச் சொன்னேன். மயங்கி விழுந்தால்தான் வெள்ளரிக்காய் கிடைக்கும் என்றால், எனக்கு வெள்ளரிக்காயே வேண்டாம்.

தண்டேஷ்வருக்குப் படிகள் அதிகமா? அடுத்த முறை போகலாம் என்றிருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை | காலை 10:44

விவாதத்தில் தகவல் பிழைகள் மலிகின்றன. அல்மோராவிலிருந்து ஜாகேஷ்வர் 36 கிலோமீட்டர். ஆர்த்தோலாவிலிருந்து ஜாகேஷ்வர் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். மலைச்சாலையில் அந்தத் தொலைவைக் கடக்கப் பத்து நிமிடம் என்றால், வண்டி மணிக்குப் பதினெட்டுக் கிலோமீட்டர் வேகத்தில், எங்கும் நிற்காமல் போயிருக்க வேண்டும். இடையில் இறங்கி ஒரு கோயிலைப் பார்க்க இந்தக் கணக்கில் இடமில்லை.

இன்னொன்று. தேவதாருநிழல் ஐயா ஜாகேஷ்வரில் "124 கோயில்கள்" என்று எழுதியிருக்கிறார். நூற்றுக்கும் மேற்பட்டவை என்று எழுதினால் யாரும் மறுக்க முடியாது. 124 என்று எழுதினால் எண்ணியிருக்க வேண்டும். எண்ணினாரா?

தேவதாருநிழல் | காலை 11:58

"பத்தே நிமிடத்தில்" என்பது தமிழில் ஒரு வழக்கு. "நொடியில் வந்துவிடுகிறேன்" என்று உங்கள் வீட்டார் சொன்னால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பீர்களா, கணக்குப்பிள்ளை அவர்களே? 124 என்பது சிறியதும் பெரியதுமாகச் சேர்த்து அங்குள்ளவர்களும் கையேடுகளும் சொல்லும் எண்ணிக்கை, நான் கண்டுபிடித்ததல்ல.

நிதானத்துக்கும் வண்டிக்கும் பகை என்று நினைக்கிறவர்களுக்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். 1929இல் குமாவுன் சுற்றுப்பயணத்தில் காந்தியடிகள் மோட்டார் வண்டியில்தான் போனார். கௌசானிக்கு வந்தவர் இரண்டு வாரம் அங்கேயே தங்கிவிட்டார். கீதைக்கு அவர் செய்த உரையின் முன்னுரை அங்கே எழுதப்பட்டது. தங்கிய வீடு இன்று அனாசக்தி ஆசிரமம். வண்டியில் வந்ததால் அவருக்கு நந்தாதேவி தெரியாமல் போய்விட்டதா? நிதானம் காலில் இல்லை. நின்ற இடத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்பதில் இருக்கிறது.

தண்டேஷ்வரின் படத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். இதோடு இந்தக் கேள்வி முடிந்ததாகக் கொள்ளலாம்.

கட்டைவண்டி | நண்பகல் 12:20

முடியவில்லை. இப்போதுதான் தொடங்குகிறது.

முதலில் காந்தி. அந்த 1929 பயணத்தையே எடுத்துக்கொண்டதற்கு நன்றி. அதன் மறுபாதியை நான் சொல்கிறேன். அல்மோராவில் அவர் போன வண்டியின் அடியில் சிக்கி பதம் சிங் என்ற கிராமத்தவர் இறந்துபோனார். காந்தியைப் பார்க்கத் திரண்ட கூட்டத்தில் ஒருவர். அந்தச் சாவைப் பற்றிக் காந்தியே தம் பத்திரிகையில் எழுதினார். மோட்டார் பயணத்தின் மேல் அவருக்கு இருந்த வெறுப்பு அதனால் குறையவில்லை. வண்டிக்குச் சான்றாகக் காந்தியை அழைக்க விரும்பினால் வேறு ஊரையாவது தேர்ந்தெடுத்திருக்கலாம்.

இனிப் படத்துக்கு வருவோம். நண்பர்கள் அனைவரும் படத்தைப் பெரிதாக்கி, அதன் இடப்பக்கக் கீழ்மூலையைப் பார்க்குமாறு வேண்டுகிறேன். சாய்வாக ஒரு கறுப்புக் கோடு தெரிகிறது. அது தேவதாருக் கிளையன்று. வண்டியின் முன்கண்ணாடித் துடைப்பான். கோயில் விமானத்துக்கு மேலே வானத்தில் ஒரு வெளிர்மஞ்சள் வட்டம் மிதக்கிறது. அது சூரியனும் அன்று. கண்ணாடிக்குள்ளிருந்து பிரதிபலிக்கும் எலுமிச்சம்பழம்.

நண்பர் தண்டேஷ்வரைத் துடைப்பான் வழியாகப் பார்த்திருக்கிறார்.

ஓரமாய்ப்போகிறவன் | நண்பகல் 12:24

பெரிதாக்கிப் பார்த்தேன். எலுமிச்சையோடு ஒரு பச்சை மிளகாயும் தெரிகிறது.

தேவதாருநிழல் | நண்பகல் 12:51

வண்டி நிற்கும்போது உள்ளிருந்து ஒரு படம் எடுத்துவிட்டுப் பிறகு இறங்குவது உலகத்தில் நடக்காத காரியமா? இறங்கிய பிறகு நான் படம் எடுக்கவில்லை. எல்லாவற்றையும் படமெடுப்பது நிதானப் பயணிக்கு அழகல்ல என்று முதல் பகுதியிலேயே எழுதியிருக்கிறேன்.

கட்டைவண்டி | நண்பகல் 12:55

முதல் பகுதியில் அப்படி எழுதியவர் மூன்று பகுதிகளிலும் சேர்த்து நாற்பத்தேழு படங்களைப் போட்டிருக்கிறார். அவற்றில் பத்தொன்பது, தங்கும் விடுதியின் உணவுத் தட்டு.

தாருகாவனத்தான் | பிற்பகல் 2:05

படித்தவர்கள் இத்தனை பேர் கூடி, ஜாகேஷ்வரைப் பற்றி இவ்வளவு பேசியும், அது பன்னிரு ஜோதிர்லிங்கங்களில் ஒன்று என்பதை ஒருவர்கூடச் சொல்லாதது வருத்தமளிக்கிறது. "நாகேசம் தாருகாவனே" என்று ஜோதிர்லிங்கத் துதி சொல்கிறது. தாரு என்றால் தேவதாரு. ஜாகேஷ்வரைச் சுற்றி இருப்பது தேவதாரு வனம். துவாரகைக்கு அருகே இருக்கும் நாகேஸ்வரத்தைச் சுற்றி எந்தத் தேவதாரு இருக்கிறது? கடற்கரையில் தேவதாரு முளைக்குமா? துடைப்பானைப் பற்றிப் பேசுவதற்கு முன் போய் வந்த தலம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். அங்கே வண்டியில் போனாலும் நடந்து போனாலும் பலன் ஒன்றுதான்.

கணக்குப்பிள்ளை | பிற்பகல் 2:30

தாருகாவனத்தான் ஐயா மேற்கோள் காட்டியது பட்டியல் வடிவில் இருக்கும் சிறு துதி. ஆதிசங்கரர் பெயரில் வழங்கும் பெரிய தோத்திரத்தில் நாகநாதருக்குரிய பாடல் "யாம்யே" என்று தொடங்குகிறது. யமனின் திசையாகிய தெற்கில் என்பது அதன் பொருள். இமயத்துக்குப் போய் அதைத் தெற்கு என்று சொல்ல முடியாது. அதனால்தான் மராட்டியத்திலுள்ள ஔண்டா நாகநாதத்தாரும் உரிமை கோருகிறார்கள். ஆக உரிமை கோருவோர் மூவர்.

ஜாகேஷ்வரின் பெருமைக்கு ஜோதிர்லிங்கப் பட்டியல் தேவையுமில்லை. 7ஆம் நூற்றாண்டிலிருந்து சில நூற்றாண்டுகள் தொடர்ந்து எழுந்த கோயில்கள் அவை. சுவர்களிலும் தூண்களிலும் 25 கல்வெட்டுகள் இருக்கின்றன. பாசுபத நெறியின் முதல் ஆசானாகச் சொல்லப்படும் லகுலீசரின் புடைப்புச் சிற்பம் இருக்கிறது.

தாருகாவனத்தான் | பிற்பகல் 2:41

"யாம்யே" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு தலத்தையே இடம்பெயர்க்கும் துணிச்சல் உங்களுக்கு மட்டும்தான் வரும். தெற்கு என்றால் எதற்குத் தெற்கு? கைலாயத்துக்குத் தெற்கே இருக்கிறது ஜாகேஷ்வர். போய்வாருங்கள்.

கணக்குப்பிள்ளை | பிற்பகல் 2:44

கைலாயத்துக்குத் தெற்கே திருநெல்வேலியும் இருக்கிறது.

கட்டைவண்டி | பிற்பகல் 3:30

ஜோதிர்லிங்கத் தகராறைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் "வண்டியில் போனாலும் நடந்து போனாலும் பலன் ஒன்றுதான்" என்று தாருகாவனத்தான் ஐயா சொன்னதைச் சும்மா விட முடியாது. சைவராகிய அவருக்கு அப்பரை நான் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. கயிலை காணக் கிளம்பிய நாவுக்கரசர் நடந்தார், கால் தேய்ந்தபோது கையால் தவழ்ந்தார், கை தேய்ந்தபோது மார்பால் நகர்ந்தார், பிறகு உருண்டார். திரும்பிப் போ என்று வழியில் சொன்னபோதும் திரும்பவில்லை. கடைசியில் கயிலைக்காட்சி அவருக்குக் கிடைத்தது திருவையாற்றுக் குளத்தில். இமயத்தில் நம்மவர் செய்த பயணங்களில் இதைவிட நிதானமான ஒன்று இருந்தால் சொல்லுங்கள். போய்ச் சேராமலே அவருக்குக் கிடைத்துவிட்டது. நம் நண்பரோ போய்ச் சேர்ந்தும் இறங்கவில்லை.

ஆர்த்தோலாவில் ஜீப்பை விட்டு இறங்கி நான் நடந்த நாளைச் சொல்கிறேன். நவம்பர் மாதம், காலை ஒன்பது மணி. சீர் பைன் மரச் சரிவுகளைத் தாண்டிப் பள்ளத்தாக்குக்குள் நுழைந்ததும் வெயில் பின்தங்கிவிடுகிறது. தேவதாருவின் வாடை முதலில் மூக்கில் ஏறுகிறது, பிறகுதான் மரங்கள் கண்ணில் படுகின்றன. ஓடையின் ஓசை ஒரு வளைவில் இடப்பக்கம் கேட்கிறது, அடுத்த வளைவில் வலப்பக்கம். புல்லுக்கட்டுச் சுமந்துவந்த இரண்டு பெண்கள் என் பையின் எடையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்கள். தண்டேஷ்வர் வந்ததை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நிழலுக்குள் நிழலாக ஒரு சிகரம் எழுந்து நின்றது. மூன்று கிலோமீட்டருக்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று. கணக்குப்பிள்ளை இதற்கும் வேகம் போட்டுப் பார்க்கலாம்.

கணக்குப்பிள்ளை | பிற்பகல் 3:36

மணிக்கு 1.2 கிலோமீட்டர்.

தேவதாருநிழல் | மாலை 4:50

அப்பரை அழைத்தீர்கள்; சம்பந்தரை ஏன் மறந்தீர்கள்? திருக்காளத்தியில் இருந்தபடியே வடகயிலையையும் கேதாரத்தையும் இந்திரநீலப்பருப்பதத்தையும் பாடியவர் அவர் என்று பெரியபுராணம் சொல்கிறது. சுந்தரர் கேதாரத்தைப் பாடியதும் காளத்தியிலிருந்துதான். நேரில் போகாமலே பாடலாம் என்று நாயன்மார்கள் இருவர் வழிகாட்டியிருக்க, வாசல் வரை வண்டியில் போன நான் மட்டும் குற்றவாளியா?

கட்டைவண்டி ஐயாவின் கோபத்துக்கு மூலம் எது என்று பழைய உறுப்பினர்களுக்குத் தெரியும். சென்ற ஆண்டு இமாசலத்தின் ஸ்பிட்டி பற்றிய விவாதத்தில், அந்தப் பள்ளத்தாக்கின் மிகப் பழைய மடாலயம் "கீ" என்று அவர் அடித்துச் சொன்னார். 996ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தாபோ மடாலயத்தை நான் எடுத்துக்காட்டினேன். அன்றிலிருந்து என் எழுத்து எதுவும் அவருக்குப் பிடிப்பதில்லை. பதினாறு ஆண்டு ஜீப்பில் சுற்றியும் தாபோவில் இறங்காதவர், என்னைத் தண்டேஷ்வரில் இறங்கச் சொல்கிறார்.

ஓரமாய்ப்போகிறவன் | மாலை 4:53

இது அடி.

கட்டைவண்டி | மாலை 5:25

"மிகப் பழைய" என்று நான் எழுதவில்லை. "மிகப் பெரிய" என்று எழுதினேன். தட்டச்சில் எழுத்து மாறிவிட்டது. அதை அப்போதே மூன்று முறை விளக்கியிருக்கிறேன். நான்காம் முறை விளக்கப்போவதில்லை.

சம்பந்தரும் சுந்தரரும் காளத்தியிலிருந்து பாடினார்கள் என்பது உண்மை. ஆனால் "கேதாரத்தை உள்வாங்கத் தனிப் பல்லக்கு இன்றியமையாதது, நடந்து போகிறவர்கள் சாலையைத்தான் பார்க்கிறார்கள்" என்று அவர்கள் பாடவில்லை. சிக்கலே அந்த வாக்கியம்தான்.

நண்பரின் எழுத்தில் இன்னோர் இடமும் என்னை உறுத்தியது. பவாலியைத் தாண்டிக் கைஞ்சி ஆசிரமத்தின் அருகே வண்டிகளின் நெரிசலில் மூன்று மணி நேரம் சிக்கிக்கொண்டதாகவும், "மலை தன் அமைதியை இழந்துவருகிறது" என்றும் வருந்தியிருக்கிறார். அந்த நெரிசல் என்பது வேறு யாருமல்லர். நண்பரேதான், அவருக்கு முன்னும் பின்னும் நின்ற அவரைப் போன்றவர்களோடு சேர்த்து. ஒரு ஜீப்பில் பத்துப் பேர். ஒரு தனி வண்டியில் இருவரும் ஒரு குளிர்பானப் பெட்டியும். அமைதியை இழக்கச் செய்தது எது என்பதற்கு ஆய்வு தேவையில்லை.

அவர் பெரிதும் வியந்த ஆளில்லா ஊர் இருக்கிறதே, பூட்டிய கதவுகளின் மரச்செதுக்கலை அரைநாள் படமெடுத்த ஊர், அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2011க்குப் பிறகு உத்தராகண்டில் 734 ஊர்களில் குடியிருக்க ஒருவர்கூட மிஞ்சவில்லை என்று அந்த மாநில இடப்பெயர்வு ஆணையம் 2018இல் சொன்னது. பள்ளியும் மருத்துவமனையும் வேலையும் இல்லாமல் காலியான வீடுகள் அவை. "காலம் உறைந்துநிற்கும் பேரமைதி" என்று அந்த வீட்டு வாசலில் நின்று எழுத எப்படி மனம் வந்தது? ஜீப்பில் போயிருந்தால், அந்த ஊரைப் பூட்டிவிட்டு ஹல்த்வானிக்குக் குடிபெயர்ந்தவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பார்; அமைதி எப்படி வந்தது என்று சொல்லியிருப்பார்.

இன்னும் ஒன்று கேட்கிறேன். பதினொரு இரவும் ஓட்டுநர் எங்கே உறங்கினார்?

தேவதாருநிழல் | மாலை 6:10

ஓட்டுநர் உறங்கிய இடத்தைப் பற்றிப் பேச உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை என்றாலும் சொல்கிறேன். விடுதிகளில் ஓட்டுநர்களுக்கென்று அறை இருந்தது. இல்லாத ஒரே ஓர் இடம் பின்சர். அங்கே அவர் தமக்குத் தெரிந்தவர் வீட்டில் தங்குவதாகச் சொன்னார். பாடேச்சீனாவுக்கு அருகே தம் ஊருக்கு எங்களை அழைத்துப் போனவரும் அவர்தான். அவருடைய தாயார் கஹத் பருப்பும் மண்டுவா ரொட்டியும் பரிமாறினார். நம் ஊர்க் கொள்ளும் கேழ்வரகும்தான். எண்ணூறு கல் தாண்டிப் போய், பாட்டி வீட்டு அடுப்படியில் உட்கார்ந்த நினைப்பு வந்தது. வாசலில் காவி பூசிய தரையில் அரிசி மாவால் ஐபண் கோலம் போட்டிருந்தார்கள். கோலத்தின் பெயரை அந்தம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். இந்த உறவு தனி வண்டியால் வந்தது. பதினொரு நாள் ஒருவரோடு ஒரே வண்டியில் போனால்தான் அவர் தம் வீட்டுக்கு அழைப்பார்.

கணக்குப்பிள்ளை | மாலை 6:14

எண்ணூறு கல் என்பது தவறு. ஏறத்தாழ இருமடங்காக எழுதியிருக்க வேண்டும்.

மூட்டுவலிக்காரி | மாலை 6:40

ஓட்டுநர் தாயார் வீட்டுச் சாப்பாட்டைப் படித்ததும் எனக்கு மனம் நெகிழ்ந்தது. எங்களுக்கு வந்த ஓட்டுநர்த் தம்பியும் அப்படித்தான். கௌசானியில் இரண்டு நாள் மேகம் மூடிக்கிடந்தது. மூன்றாம் நாள் விடியற்காலை நான்கரை மணிக்குக் கதவைத் தட்டி, "மாதாஜி, திறந்துவிட்டது" என்றார். திரிசூலத்தின் மேல் வெளிச்சம் விழுந்து, பிறகு நந்தாதேவிக்கு நகர்ந்ததை நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்த்தேன். நடக்கவே இல்லை. கட்டைவண்டி ஐயா இதை எந்த வகையில் சேர்ப்பார் என்று தெரியவில்லை.

படிகளைப் பற்றி நான் காலையில் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

கட்டைவண்டி | மாலை 7:02

அம்மையார் அவர்களை நான் எந்த வகையிலும் சேர்க்கவில்லை. முழங்கால் வலியோடு வண்டியில் போனவர் "வண்டி இன்றியமையாதது" என்றால் அது உண்மை. முழங்கால் நன்றாக இருப்பவர் அதையே சொன்னால் அது தத்துவமாகிவிடுகிறது. நாற்காலியில் உட்கார்ந்து நந்தாதேவியைப் பார்த்தவர் அம்மையார். மூன்று நாள் காத்திருந்து பார்த்திருக்கிறார். அந்த மலைக்கு 7,816 மீட்டர் உயரம், அதற்கு அவசரமில்லை.

ஓட்டுநரின் தாயார் வீட்டில் உண்டதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பத்தி மூன்று பகுதிகளில் எங்கே இருக்கிறது? கஹத் பருப்பு இல்லை, ஐபண் இல்லை, அந்தத் தாயாரும் இல்லை. விடுதித் தட்டின் படம் பத்தொன்பது இருக்கிறது. நான் கேட்கக் கேட்கத்தான் பயணம் வளர்ந்துகொண்டே போகிறது. நாளைக்குள் பன்னிரண்டாம் நாளும் வந்துவிடும்.

அம்மையாரின் கேள்வி நியாயமானது, காலையிலிருந்து காத்திருக்கிறார். எனக்குப் பதில் தெரியும். ஆனால் தண்டேஷ்வரில் இறங்கி உள்ளே போய் வந்ததாகச் சொல்லும் நண்பர் இருக்கும்போது நான் முந்திக்கொள்வது முறையன்று. தேவதாருநிழல் அவர்களே, அம்மையாருக்குச் சொல்லுங்கள்: சாலையிலிருந்து கோயிலுக்குள் போக எத்தனை படிகள்?

தேவதாருநிழல் | இரவு 8:31

படிகளை எண்ணிக்கொண்டு ஏறுகிற பழக்கம் எனக்கில்லை.

ஓரமாய்ப்போகிறவன் | இரவு 8:33

ஏறினாரா, இறங்கினாரா?

தாருகாவனத்தான் | இரவு 8:40

"யாம்யே" பற்றிக் கணக்குப்பிள்ளை இன்னும் பதில் சொல்லவில்லை என்பதை அனைவருக்கும் நினைவூட்டுகிறேன்.